வள்ளி திருமணம் யாருக்குச் சொந்தம்? நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

பாயான் லெப்பாஸ் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்து இறங்கிய தமிழர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பும் முன் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்த இடம் அது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள் அங்கே நாள்களை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு துணி மூட்டை. மனத்தில் இருந்ததோ ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட நாடகப் பாட்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அல்லி அர்ஜுனா, நல்லதங்காள் என்று அந்த நாடகங்களின் பெயர்கள் இன்றும் பினாங்கில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் கீழே பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த நாடகங்களுக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் ஒவ்வோர் ஆண்டும் திருவிழாக் காலம் வந்தால் ஏதோ ஓர் ஊரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும். உலகில் நீண்ட காலம் ஓடிய இசை நாடகங்களைக் கணக்கெடுப்பவர்கள் இலண்டனையும் நியூயார்க்கையும்தான் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் எத்தனை ஆயிரம் இரவுகள் ஆடப்பட்டது என்பதற்கு அப்படி ஒரு கணக்கேடு கிடையாது.

இத்தனை காலம் ஓடிய நாடகத்துக்கு ஒரு சண்டையும் உண்டு. சுவாமிகள் எழுதியபடியே ஆட வேண்டும், சினிமாப் பாட்டும் ரெக்கார்டு டான்சும் வேண்டாம் என்கிறார்கள் பழைய ரசிகர்கள். காலத்துக்கு ஏற்ப மாற்றாவிட்டால் கூட்டம் வராது, கலைஞர் வீட்டில் அடுப்பு எரியாது என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கத்தாரும் சாட்சிக்கு அழைப்பது சுவாமிகளைத்தான். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது புரியும்.

1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தை தாமோதரத் தேவர் இராமாயணத்தில் கரை கண்டவர். அதனால் ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தார்கள். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். வெண்பா, விருத்தம், சந்தம் எதுவானாலும் நினைத்த மாத்திரத்தில் கட்டும் பழக்கம் அங்கேதான் வந்தது. படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்கு உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். இளமையில் உப்பு மூட்டையை எண்ணிய கைதான் பின்னாளில் வள்ளியையும் பவளக்கொடியையும் எழுதியது.

24 வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். ஆண்டு 1891. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் பொழுதுபோக்காக நடிக்கும் சபை அது. பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டி, விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியது முதலியாரின் வழி. சுவாமிகள் போன வழி வேறு. கூத்து பார்த்துப் பழகிய கிராமத்து ஜனங்களையும், நாடகத்தையே தொழிலாகக் கொண்டவர்களையும் நம்பி அவர் எழுதினார். தமிழ் நாடகத்தின் இரு தந்தையர் என்று இருவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் சுவாமிகளின் நாடகம்தான்.

அவர் வந்த காலத்தில் மேடை எப்படி இருந்தது என்பதைப் பினாங்குக்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி நாடகக் கம்பெனிகள் ஓவியத் திரை, பளபளக்கும் உடை, ஆர்மோனியம் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோயின. 1870களில் அப்படி ஒரு பார்சி நாடகம் பினாங்குக்கும் வந்தது. ஜனங்கள் அதற்கு வாயாங் பார்சி என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து மாமாக் பூஷி என்பவர் 1885 வாக்கில் இங்கே தொடங்கிய குழுவிலிருந்துதான் மலாய் பங்சாவான் நாடகம் வளர்ந்தது. தமிழ்நாட்டு மேடையிலும் தெருக்கூத்தோடு கலந்தது இதே பார்சிக் காற்றுதான். ஆக, பங்சாவானும் வள்ளி திருமணமும் ஒரு வகையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அந்த ஆர்மோனியத்தையே பழமையின் அடையாளம் என்று இன்று சிலர் தூக்கிப் பிடிக்கும்போது, அது கடல் கடந்து வந்த மேல்நாட்டுப் பெட்டி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சுவாமிகள் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று பயங்கரமான வேடங்களே அவருக்கு. உயரம், கனத்த உடம்பு, இடி போன்ற குரல் எல்லாம் அதற்குப் பொருந்தின. அவருடைய எமனைப் பார்த்து அவையில் இருந்த ஒரு கர்ப்பிணி பயந்துபோய்க் கரு கலைந்தது என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இன்னொன்று நளதமயந்தியில் சனீசுவரன் வேடம் பற்றியது. நாடகம் முடிந்து விடியற்காலையில் கரி பூசிய அந்தக் கோலத்தோடு வேடத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனாராம். அங்கே துணி வெளுக்க வந்த ஒரு பெண் திடீரென்று அவரைப் பார்த்து அதிர்ந்து விழுந்து உயிரை விட்டுவிட்டாளாம். நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகள் இவை. கதையில் எவ்வளவு கூட்டல் இருந்தாலும், விளைவு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்வது. சுவாமிகள் அந்த வேடங்களை விட்டார். பெரும்பாலும் சூத்திரதாரராக மேடையேறினார், பிறகு எழுதுவதும் சொல்லிக் கொடுப்பதுமே தொழிலாயின.

பழைய மேடையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பார்க்க வந்த ஒருத்திக்கு ஆகாது என்று தெரிந்ததும், தனக்குப் பேர் வாங்கித் தந்த வேடத்தையே அவர் தூக்கிப் போட்டிருக்கிறார்.

நாடு சுற்றிய காலமும் உண்டு. வாழ்க்கையில் வெறுப்பு வந்து, கோவணம் மட்டும் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை போனார். சுவாமிகள் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டைக்கு வந்தபோது கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் பிள்ளை போல வைத்துக்கொண்டார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெரியவர் அவர். அந்த வீட்டில் சுவாமிகள் கற்றது தாளம். திருப்புகழின் சிக்கலான சந்தங்களும் அவருக்கு அங்கே கைவசமாயின. பிள்ளையின் வற்புறுத்தலால்தான் அவர் மறுபடி நாடகத்துக்கே வந்தார் என்பார்கள். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர், பி.எஸ்.வேலு நாயர் ஆகியோரின் கம்பெனிகள் அவரை ஆசிரியராக வைத்துக்கொண்டன. வள்ளி, அல்லி என்று நாடகத்தின் பெயரையே முதலாளியின் பெயருக்கு முன்னால் ஒட்டி அழைத்த காலம் அது.

அன்றைய நடிகர்கள் மேடையில் நினைத்ததைப் பேசினார்கள். பாட்டுக்கு எழுத்து இருந்தது, வசனத்துக்கு இல்லை. கதை ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். வாய்க்கு வந்த ஆபாசமும் நடுவே புகுந்துவிடும். ஒருவர் பாடினால் மற்றவர் மடக்குவது, மடங்கியவர் அடுத்த காட்சியில் பழி வாங்குவது என்று நாடகம் மல்யுத்தமாகிவிடும். சுவாமிகள் அதற்கு ஒரு வரம்பு கட்டினார். எந்தக் காட்சிக்குப் பின் எது, யார் என்ன பாட வேண்டும், எங்கே வசனம், எங்கே விருத்தம் எல்லாம் எழுத்தில் வந்தன. இவர் இப்படி எழுதி வைக்காவிட்டால் இன்று காப்பாற்றுவதா வேண்டாமா என்று விவாதிக்கவே ஒன்றும் இருந்திருக்காது.

எழுதி வைத்தாலும் பெரியவர்கள் கேட்பதாக இல்லை. குடியும் கோஷ்டியுமாக இருந்த நடிகர்களோடு மல்லுக்கட்டி அலுத்த அவர், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனி முறைக்குத் திரும்பினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். செங்கோட்டையிலிருந்து வந்த கிட்டப்பா சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. அதில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே.சங்கரன், முத்துசாமி, சண்முகம் சகோதரர்களும் உண்டு. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

சிறுவர் கம்பெனியை இன்று பார்த்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படும். பள்ளிக்கூடம் இல்லை, வீடு இல்லை, இரவெல்லாம் வேலை. பாடம் தவறினால் பிரம்படி. சுவாமிகளும் கண்டிப்பானவர்தான். அந்தக் குழந்தைகளுக்கு மூன்று வேளைச் சோறும் ஒரு தொழிலும் கிடைத்தது என்பதும் உண்மை. தோட்டத்தில் பத்து வயதில் பால்வாளி தூக்கிய பிள்ளைகளின் பேரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தமிழ் மேடைக்கும் சினிமாவுக்கும் அடுத்த முப்பது ஆண்டு வேண்டிய நடிகர்களைத் தயாரித்துக் கொடுத்ததும் இப்படிப்பட்ட கம்பெனிகள்தாம்.

சண்முகம் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஓர் இரவு வருகிறது. அந்தப் பொடியனுக்கு ஏற்ற வேடம் ஒன்று வேண்டும் என்று சுவாமிகளுக்குத் தோன்றியது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். விடிந்தபோது அபிமன்யு சுந்தரி நாடகம் முழுதாக முடிந்திருந்தது. நான்கு மணி நேரம் நடக்கும் நாடகம், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், வசனம் வேறு. அடித்தல் திருத்தல் இல்லை. அந்தச் சிறுவன்தான் அபிமன்யு.

இந்தச் சம்பவத்தைப் புலமைக்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் வேறொன்றும் இருக்கிறது. நாடகத்தை எழுதி வைத்துவிட்டு அதற்கு ஆள் தேடவில்லை அவர். எதிரே இருக்கும் ஆளைப் பார்த்து, அவன் குரல் எட்டும் எல்லையைப் பார்த்து, அவனுக்காக எழுதினார். அப்படியானால் அசல் என்பது எது? அந்த ஏழெட்டு வயதுப் பையன் பாடிய உயரமா, தாளில் இருக்கும் எழுத்தா?

அவர் எழுதியவை 68 என்று ஒரு கணக்கு, 40 என்று ஒரு கணக்கு. கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, இலவகுசா, சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், சிறுத்தொண்டர், ஞானசௌந்தரி என்று பட்டியல் நீளும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டும் சிம்பலைனும் அவர் கையில் தமிழ் பேசின. இவற்றில் முழுதாகக் கிடைப்பது ஒரு பகுதிதான். மலிவுப் பதிப்பாக வந்த நாடகப் புத்தகங்களில் பிறர் பாட்டும் கலந்துவிட்டது. கம்பெனியின் கையெழுத்துப் பிரதி என்பது அந்தக் காலத்தில் முதலாளியின் சொத்து. கம்பெனி கலைந்தால் பிரதியும் போயிற்று.

1921இல் சென்னையில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஒரு கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. ஊரையே அதிர வைத்த குரல் அது. அந்த நிலையிலும் அவர் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. கம்பெனி போன இடமெல்லாம் கூடவே போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் உயிர் பிரிந்தது. வயது 55. கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் மேல் உயிரையே வைத்திருந்த மான்பூண்டியா பிள்ளையும் அதே ஆண்டில்தான் மறைந்தார்.

ஒருவர் இறந்த பிறகுதான் அவருடைய நாடகம் அவர் கையை விட்டுப் போகும். சுவாமிகள் விஷயத்தில் அது பல கைகளுக்குப் போனது.

முதலில் செங்கோட்டை கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்ட குரல். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா வேடனாக வந்தால் ஜனங்கள் கதையை மறந்து பாட்டுக்காகவே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பாட்டை மறுபடி மறுபடி பாடச் சொல்லி ஒன்ஸ்மோர் கேட்பார்கள். வள்ளி தினைப்புனத்தில் காத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். கே.பி.சுந்தராம்பாளோடு அவர் சேர்ந்து நடித்தபோது அந்த மோகம் உச்சத்துக்குப் போனது. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. இவர்கள் பாடிய இசைத்தட்டுகள் மலாயாவுக்கும் வந்தன. கிராமபோன் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடிய காலம் அது. மேடையைப் பார்க்காதவர்களுக்கு அந்தத் தட்டுதான் அசல் வள்ளி திருமணம்.

அடுத்து சினிமா. 1945இல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளி பெரிய வெற்றி. கிட்டப்பாவின் பாணியில் பாடக்கூடிய டி.ஆர்.மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. ருக்மணிக்குப் பதிலாக பி.ஏ.பெரியநாயகியின் குரலைப் பிறகு சேர்த்தார்கள். மேடையில் தன் குரலே தன் பிழைப்பு. படத்தில் உருவம் ஒருவர், குரல் ஒருவர் என்றாயிற்று. மேடை நடிகைகள் இனி அந்தப் படத்துக்கு இணையாகப் பாட வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

டி.கே.எஸ். சகோதரர்கள் கதை இன்னும் வேடிக்கையானது. சுவாமிகளைத் தெய்வமாக மதித்தவர்கள் அவர்கள். அவரை நாடகத் தலைமையாசிரியர் என்று தமிழ்நாடு அழைப்பதற்கும், மதுரையில் அவருக்குச் சிலை எழுந்ததற்கும் சண்முகத்தின் முயற்சிதான் காரணம். ஆனால் நாடக முறையை அதிகம் மாற்றியதும் அவர்களே. பாட்டைக் குறைத்தார்கள், நேரத்தைச் சுருக்கினார்கள், சமூக நாடகங்களைக் கொண்டுவந்தார்கள். 1940களில் ஔவையாராக நடித்துத்தான் சண்முகம் ஔவை சண்முகம் ஆனார். குருவின் பெயரைக் காப்பாற்றினார்கள், குருவின் மேடையை அப்படியே வைத்திருக்கவில்லை. அதைத் துரோகம் என்று யாரும் சொன்னதில்லை.

அப்படியானால் விடிய விடிய நடக்கும் பழைய வள்ளி திருமணத்தைக் காப்பாற்றியது யார்? சுவாமிகள் யாரிடமிருந்து நாடகத்தைக் காப்பாற்றப் பார்த்தாரோ, அந்தப் பெரிய நடிகர்களின் வாரிசுகள்தாம். கம்பெனிகள் கலைந்த பிறகு வளர்ந்த முறைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. சிலர் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான். ஆனாலும் நாடகம் பிசகாமல் நடக்கும். ஏனென்றால் சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் பொது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பதில் என்பது மதுரைக்காரருக்கும் தெரியும், புதுக்கோட்டைக்காரருக்கும் தெரியும்.

அதே சமயம், அந்தப் பாடத்துக்குள்ளே திறந்த வெளியும் இருக்கிறது. முருகன் வேடனாக வந்து, தப்பி ஓடிய மானைக் கண்டாயா என்று வள்ளியிடம் கேட்கும் இடம் அது. அங்கே தொடங்கும் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமும் அப்படியே. ஒருவர் புராணத்திலிருந்து கேள்வி போடுவார், மற்றவர் திருக்குறளிலிருந்து மடக்குவார். பஞ்சாயத்துத் தேர்தல், தங்கம் விலை, குடும்பச் சண்டை எல்லாம் அதற்குள் வந்து போகும். எழுத்தில் இல்லாத இந்தப் பகுதிக்காகவே தூக்கத்தை விட்டு உட்காருபவர்கள் உண்டு. நல்ல ஸ்திரீபார்ட் யார் என்பதைப் பாட்டைவிட இந்தத் தர்க்கத்தில்தான் ஊர் தீர்மானிக்கும்.

ரசிகர் சண்டை மூள்வது பெரும்பாலும் இதற்கு முந்திய பகுதியில். முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும் உரியது. இரட்டை அர்த்தப் பேச்சு, புதுப் படப் பாட்டு, குத்தாட்டம். இது சுவாமிகள் நாடகமே இல்லை என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இளவட்டங்கள் அந்தப் பகுதி முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். மேடையில் திட்டு வாங்குவது யார் என்றால், பபூனைவிட அந்தப் பெண்தான். நாடகக்காரி என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்கு வாடகை வீடு கிடைக்காமல் போன ஊர்கள் உண்டு. அவள் ஆடுவது திருவிழாக் கமிட்டி கேட்பதால். கமிட்டி கேட்பது கூட்டம் வேண்டும் என்பதால். தூய்மை பேசுகிற ரசிகர் கமிட்டியைக் கேள்வி கேட்பதில்லை.

அசல் மேடையைக் காப்பாற்றும் வழக்கு உலகெங்கும் நடப்பதுதான். இலண்டனில் 1985 முதல் ஓடிய லே மிசராப்ளே இசை நாடகத்தின் பழைய மேடையமைப்பை, சுழலும் தளத்தோடு சேர்த்து, 2019இல் நிறுத்தினார்கள். அந்தத் தளம் இல்லாத புதிய அமைப்பு வந்தது. பல முறை பார்த்த ரசிகர்கள் உறவுக்காரரைப் பறிகொடுத்தது போல் வருந்தினார்கள். ஆனால் அங்கே விளக்கு எங்கே விழ வேண்டும், யார் எந்த அடியில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. நாளைக்கு யாராவது பழையபடி போட நினைத்தால் போடலாம். வள்ளி திருமணத்துக்கு அப்படி ஏடு இல்லை. பாட்டின் மெட்டும், வேடன் நுழையும் தோரணையும், பரண் மேல் நின்று வள்ளி கவண் சுற்றும் கை அசைவும் குருவிடமிருந்து சீடனுக்கு வந்தவை. ஒரு ராஜபார்ட் தன் பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க அனுப்பினால், அவரோடு அவருக்கு மட்டுமே தெரிந்த சில மெட்டுகளும் நின்றுபோகும். அவரைக் குறை சொல்ல முடியுமா? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபோது தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போன பிள்ளைகளை யாராவது குறை சொன்னார்களா?

ஆகவே இதில் அவசரம் எது என்று பார்த்தால், சினிமாப் பாட்டை விரட்டுவதைவிட, பழைய பாடம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே முழு இரவு நாடகத்தை ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்வதும், மெட்டுகளைச் சுரப்படுத்தி வைப்பதும்தான். பதிவு கையில் இருந்தால் மேடையில் மாற்றுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரில் நடக்கிறது. சென்னையில் நடிகர் சங்கத் தேர்தலில்கூட 2019இல் ஓர் அணி அவர் பெயரை வைத்துக்கொண்டுதான் போட்டியிட்டது. பெயருக்குக் குறைவில்லை. அவருடைய பாட்டை இரவு முழுக்கப் பாடத் தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான் குறைந்துகொண்டு வருகிறது.

பினாங்கிலும் இதற்கு வேலை இருக்கிறது. தண்ணீர்மலைக்குக் காவடி தூக்குகிறவர்களுக்கு வள்ளி கதை புதிதல்ல. தோட்டத்தில் வள்ளியாகவோ நாரதராகவோ வேடம் கட்டியவர்கள் இன்று அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். அவர்கள் பாடிய பாடம் மதுரைப் பாடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். மலாய்ச் சொல் நடுவில் புகுந்திருக்கும், கங்காணியைக் கிண்டல் செய்யும் ஒரு வரி இருந்திருக்கும். கையில் இருக்கும் தொலைபேசியில் அதைப் பதிவு செய்ய அரை மணி நேரம் போதும்.

சுவாமிகளின் குருபூசை நவம்பரில் வரும். அன்று நாடகக் கலைஞர்கள் வேடமில்லாமல் சாதாரண உடையில் கூடுவார்கள். பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் ராஜபார்ட்டும் ஒன்றாக நின்று அவர் சிலைக்கும் படத்துக்கும் மாலை போடுவார்கள், அவர் பாட்டைப் பாடுவார்கள். யார் எத்தனை சினிமாப் பாட்டு சேர்த்தார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த திருவிழாவுக்கு எந்த ஊரில் தேதி கிடைத்திருக்கிறது என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு கலைவார்கள்.